அப்பாவின் ஈரல்

எங்கள் ஊரில் ஒருவருக்குச் செங்கமாரி வந்து, வயிறும் வீங்கினால் அதற்கு ஒரே காரணம்தான்: சாராயம். எழுபதுகளின் நடுவில் அப்பாவுக்கு அப்படி வந்தபோது, திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையிலிருந்த அத்தனை பேரும் டொக்டராகிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அப்பாவின் மஞ்சள் கண்ணைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள், படலையைத் தாண்டுமுன்பே ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். கையில் தோடம்பழமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் குழாய் பொருத்துகிற வேலை செய்தவர். சொந்தமாகச் சைக்கிள் இல்லை. கூட வேலை செய்கிறவரின் சைக்கிளில் பின்னால் ஏறித்தான் வீட்டுக்கு வருவார். அந்த மனிதர் வழியில் கள்ளுத் தவறணைக்குள் நுழைந்தால், வெளியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது அப்பாவின் வேலை. தவறணை வாசலில் நின்றதை ஊரே கண்டது. உள்ளே போகாததை யார் காண்பது? வீட்டுக்கு வந்தால் உடம்பெல்லாம் எண்ணெய் மணம். வாயை மணந்து பார்த்தாலும் எண்ணெய்தான் மணக்கும் என்று அம்மா ஒருமுறை சொன்னார். அவர் மணந்து பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில், ஈரலில் புற்றுநோய் என்றார்கள். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த இளம் டொக்டர் ஒருவர் அங்கே இருந்தார். இந்த நோய் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். கிருமியாக இருக்கலாம், பூஞ்சணம் பிடித்த கடலையாகவும் இருக்கலாம் என்று எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். அப்பாவின் கட்டிலடியில் நின்று, என்ன சாப்பிடுகிறவர், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"குடிக்கிறவரோ?"

அம்மா அப்பாவையே பார்த்தார்.

"பிள்ளையாணை, ஒரு சொட்டும் தொட்டதில்லை," என்றார் அப்பா. பிள்ளை என்றது என்னை. அவருக்கு நான் ஒருத்திதான்.

அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. குடித்திருந்தால்கூட மன்னித்திருப்பார். பெற்ற பிள்ளையின் மேல் பொய்ச்சத்தியம் செய்துவிட்டார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அப்பாவோடு கதைப்பதை விட்டுவிட்டார். கஞ்சி பருக்கினார், உடம்பு துடைத்தார், வீங்கின காலை நீவிவிட்டார். பேச்சு மட்டும் இல்லை. அப்பா பொய் சொல்லவில்லை என்று நான் மன்றாடிப் பார்த்தேன். "சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்" என்றார். அந்தச் சின்னப்பிள்ளைக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சேரும், ஒரு கதை கதையுமன்," என்று அப்பா கேட்பார். அம்மா போத்தலைத் தூக்கிக்கொண்டு சுடுதண்ணீர் எடுக்கப் போய்விடுவார். கிழமைக்கணக்கில் அப்படியே போய், ஒரு நாள் மத்தியானம் அப்பா செத்துப்போனார்.

டொக்டர் தயங்கித் தயங்கி வந்தார். ஈரலில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும், சம்மதிப்பீர்களா என்று கேட்டார். பெரியப்பா துள்ளிக் குதித்தார்.

"என்ர தம்பியைக் கீறிக் கிழிக்க விடமாட்டன்!"

அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "குடியால வந்ததோ இல்லையோ எண்டு அதில தெரியுமோ?" என்று டொக்டரைக் கேட்டார்.

"அனேகமாத் தெரியும், அம்மா."

"அப்ப வெட்டிப் பாருங்கோ."

பெரியப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. ஈரல் துண்டு ஒரு போத்தலில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனது. அப்பா வயிற்றைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி வீட்டுக்கு வந்தார். செத்த வீட்டுக்கு வந்த சனம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தத் துணியைத்தான் பார்த்தது. வெட்கம் கெட்ட சனம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு டொக்டர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"குடியால பழுதான ஈரல் எண்டால் முழுக்கத் தழும்பு விழுந்து இறுகியிருக்கும். இவருக்கு அப்பிடியில்லை. கட்டியை விட்டால் மிச்சமெல்லாம் சுத்தம். இது குடியால வந்த வருத்தமில்லை."

"அப்ப என்னத்தால வந்தது?"

"தெரியாது அம்மா. அதைத்தான் தேடுறம்."

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"இதை அவர் உயிரோட இருக்கேக்க பார்த்துச் சொல்ல ஏலாதோ, தம்பி?"

"ஏலாது அம்மா. அவர் இருந்த நிலைமையில ஊசி குத்தியிருந்தால் ரத்தம் நிண்டிராது. செத்தாப் பிறகுதான் பார்க்கலாம்."

நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் எழும்பிப் போனார். கோப்பையை எடுக்கப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

"நான் அவரோட கதைக்கேல்லையே, பிள்ளை."

அப்படியில்லையென்று சொல்லியிருக்கலாம். அவருக்கு உங்கள் மனம் தெரியும் என்று ஏதாவது சொல்லி ஆற்றியிருக்கலாம்.

"ஓம் அம்மா," என்றேன். "கதைக்கேல்லை."