ஒன்பதாவது பூச்சு

விரல் முட்டியால் பலகையில் ஒரு தட்டு. பிறகு காதை ஒட்ட வைத்துக் கேட்பார். அடுத்த பலகை. சந்தேகம் வந்தால் மட்டும் சட்டைப்பையிலிருந்து வளைந்த ஊசி ஒன்று வெளியே வரும். ஒரு காலத்தில் ஊரார் வாய்க்குள் போய் வந்த ஊசி. "இங்க சொத்தை விழுந்திருக்கு" என்று முணுமுணுத்து இடுக்கைச் சுரண்டத் தொடங்குவார் பல் டாக்டர்.

கிளினிக்கை மூடி நாலு வருடம் ஆகியும் ஷெட்டை அவர் மூடவில்லை. உள்ளே முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது இருபத்திரண்டு அடிப் பாய்மரப் படகு. எழுபது வருடத்துக்கு முன் ஒரு துறைமுக அதிகாரி தனக்கென்று ஆசையாய்க் கட்டிக்கொண்டது. பிறகு பல கை மாறி, கடைசியில் கழிமுகச் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. படகின் அறைக்குள் கோழிகள் அடைந்தன. டாக்டரும் அவருடைய அண்ணனும் போய் விலை கேட்டபோது, "கோழியையும் சேர்த்தா?" என்றாராம் கோழிக்காரர்.

அண்ணன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அவருக்குப் படகு என்றால் கடல். தம்பிக்குப் படகு என்றால் மரம். ஐந்து வருடம் பழுது பார்த்து, இரண்டு கோடை ஓட்டினார்கள். சுக்கானில் அண்ணன், கசிந்த நீரை இறைத்தபடி தம்பி. மூன்றாம் வருடம், "ஒழுங்கா ஒரு தடவை பண்ணிடுவோம்ணா" என்று தம்பி அதைக் கரையேற்றினார். அந்த ஒரு தடவை பதினோரு வருடம் நீண்டது.

கேட்டால் பதில் தயார். பாய்மரத்தில் விரிசல். பித்தளை ஆணி கிடைக்கவில்லை. பழைய பலகைக்கு ஜோடியாக மரம் அமையவில்லை. நான் பல் பிடுங்கிக்கொள்ளப் போன அன்றுகூட, வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, மறுபேச்சுப் பேச வழியில்லாத என்னிடம் படகின் சரித்திரத்தை ஆதியோடந்தமாகச் சொன்னவர்.

அண்ணன் கோபக்காரர் இல்லை. ஞாயிறுதோறும் ஷெட்டுக்கு வந்து, படகில் ஏறிச் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். போன வருடம் இதயம் பலவீனம் என்று தெரிந்த பிறகுதான் வாய்விட்டுக் கேட்டார்.

"டேய், ஒரே ஒரு தடவை. ரொம்ப தூரம் வேணாம். துறைமுக வாயைத் தாண்டினாப் போதும்."

"வார்னிஷ் காயட்டும்ணா. எட்டு கோட் ஆச்சு. இன்னும் ஒண்ணுதான்."

ஒன்பதாவது பூச்சு காய்வதற்குள் அண்ணன் போய்விட்டார்.

இதைச் சொன்னபோது டாக்டர் அழவில்லை. "மரத்துப்போற ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கு. எங்க வலிக்குதுன்னே தெரியல" என்றார்.

பழைய படகுகளைப் பாதுகாப்பவர்களின் சங்கம் இந்த ஆண்டு அவர் படகுக்கு முதல் பரிசு கொடுத்தது. பாராட்டுப் பத்திரத்தை வாங்கிய கையோடு அண்ணியிடம் போய் நின்றார். "என்னைத் திட்டிடுங்க அண்ணி."

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். "திட்டி என்ன ஆகப்போகுது? ஷெட் சாவி எங்க தொங்குதுன்னு அவருக்குத் தெரியாதா? அவர்கிட்ட படிச்ச பழைய பசங்களக் கூப்பிட்டா ஒரு மணி நேரத்துல இறக்கியிருப்பாங்க. தம்பி மனசு நோகும்னு விட்டுட்டாரு."

மறு வாரமே படகு நீரில் இறங்கியது. காய்ந்து சுருங்கிய பலகைகளுக்கு நடுவே நாலா பக்கமும் தண்ணீர் புகுந்தது. மரம் ஊறி இடுக்குகள் மூடிக்கொள்ளும்வரை மூன்று நாள் உள்ளேயே உட்கார்ந்து இறைத்தார். "தண்ணியிலயே விட்டிருந்தா இவ்வளவு காய்ஞ்சிருக்காது" என்றார் என்னிடம். "அண்ணன் அப்பவே சொன்னாரு. டிரில் மாஸ்டருக்கு என்ன தெரியும்னு நினைச்சேன்."

நாலாம் நாள் காலை அண்ணி வந்தார். அவர் கால் எடுத்து வைக்கும் நேரம் பார்த்து அலை ஒன்று படகைத் தூக்கிக் கல்படியில் தேய்த்தது. முனையிலிருந்து பாதி நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல். பதறியவன் நான்தான். டாக்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கையைக் குடுங்க அண்ணி" என்று இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார்.