ஒட்டியது அண்ணன், உரித்தது தம்பி: ஓசூரிலிருந்து சிங்காரப்பேட்டைக்கு

போன கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து சிங்காரப்பேட்டைக்குப் போனேன். ஜவ்வாது மலையடிவாரத்துக்கு அந்த வழி சரிப்படுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வழியைச் சொல்கிறேன். ஆனால் நான் மலை பார்க்கப் போகவில்லை. என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் கோவிந்தனின் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. செவ்வாய்க்கிழமை அவரை ஓசூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். அரசுக் காப்பீட்டு அட்டையோடு அவரை அழைத்துவரத்தான் பயணம். கோவிந்தனும் அவன் அண்ணன் மாதுவும் தேர்தலிலிருந்து பேசிக்கொள்வதில்லை, நடுவில் ஒரு வெளியூர்க்காரன் இருந்தால் நல்லது என்று என்னைக் கூட்டிப்போனான். நான் தூத்துக்குடிக்காரன். அந்தச் சண்டைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்ற தைரியத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

காலை ஆறே முக்காலுக்கு கிருஷ்ணகிரி வண்டி. சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சானமாவு காட்டுப் பக்கம் வரும்போது யானை தெரிகிறதா என்று வண்டியே ஜன்னலுக்குச் சாய்ந்தது. கோவிந்தன் மட்டும் கைபேசியை விட்டு நிமிரவில்லை. டெல்லியின் காப்பீடு பெரிதா, மாநிலத்தின் காப்பீடு பெரிதா என்று ஊர் வாட்ஸப் குழுவில் அடிதடி. இவன் டெல்லிக் கட்சி. மாது மாநிலக் கட்சி ஒன்றில் கிளைச் செயலாளர். இரண்டையும் சேர்த்து ஒரே அட்டையாகத்தானே கொடுக்கிறார்கள் என்றேன். "அதெல்லாம் உங்க ஊர்லண்ணா" என்றான்.

கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரை வண்டிக்கு மாற வேண்டும். மத்தூரில் போச்சம்பள்ளிக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் இறங்கும்வரை நின்றுகொண்டே போனோம். ஊத்தங்கரையில் டீ சுமார்தான், போண்டா பரவாயில்லை. அங்கிருந்து சிங்காரப்பேட்டைக்கு இன்னொரு வண்டி, பிறகு ஊருக்கு ஷேர் ஆட்டோ. பதினொன்றரைக்கு வீட்டில் இருந்தோம்.

கோவிந்தனின் அப்பா சின்னசாமி தக்காளித் தோட்டத்திலிருந்து நான்கு இடத்தில் நின்று நின்று வந்தார். அட்டையைக் கேட்டதும் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாதி அட்டை வெள்ளையாக இருந்தது. அதில் அச்சாகியிருந்த டெல்லித் தலைவரின் முகத்தின் மேல் மாது தன் தலைவரின் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார். ஆடிக்கு வந்த கோவிந்தன் அதைப் பார்த்துக் கொதித்துப்போய் உரித்திருக்கிறான். ஸ்டிக்கரோடு மேல்தாளும், அதிலிருந்த எண்ணும் சேர்ந்து வந்துவிட்டன.

"ஒட்டுனது பெரியவன், உரிச்சது சின்னவன்" என்று என்னிடம் சொன்னார் சின்னசாமி. "நம்பரு மட்டும் என்னுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இல்லை என்பதால் அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். திங்கட்கிழமை காலை மாதுவையும் சேர்த்து நான்கு பேரும் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். வண்டியில் அண்ணன் முன்னால், தம்பி பின்னால், அப்பா என்னோடு. காப்பீட்டு கவுண்டரில் இருந்த அம்மா ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து, பத்து நிமிடத்தில் எண்ணைக் கண்டுபிடித்து ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெளியே சிமெண்ட் பெஞ்சில் அந்தத் தாளும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்த சின்னசாமியைக் கைபேசியில் படம் எடுத்தேன்.

அதோடு கிளம்பியிருக்கலாம். எங்கள் கட்சித் திட்டம் என்பதால்தான் இத்தனை சீக்கிரம் கிடைத்தது என்று மாது ஆரம்பித்தார். பணம் யாருடையது என்று கோவிந்தன் கேட்டான். ஆபரேஷன் முடிந்ததும் அப்பாவை ஊர்க் கூட்டத்தில் மேடையேற்றி நன்றி சொல்ல வைப்பதாக அண்ணன் சொல்ல, கட்சியின் மாவட்டத் தலைவரைக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியிலேயே படம் எடுக்கப்போவதாகத் தம்பி சொன்னான். ஆள் கூடிவிட்டது. சின்னசாமி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

பின்னாலேயே போய், நாளைக்குச் சேர வேண்டிய ஆள் இப்படிக் கிளம்பலாமா என்று கெஞ்சினேன்.

"நான் பொழைச்சா, யாரு கார்டுல பொழைச்சேன்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருக்கணும்" என்றார். "யாரு பேரைச் சொன்னாலும் இன்னொருத்தன் என் ஊட்டுக்கு வரமாட்டான். வோணாங்க. பொங்கல் போவட்டும்."

ஊத்தங்கரை வண்டி வந்தது, ஏறிவிட்டார். மகன்கள் இருவரும் உன்னால்தான் என்று ஒருவரை ஒருவர் கைநீட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் இருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓசூர் வண்டியில் ஏறினேன். பிறகு கோவிந்தன் இரண்டு முறை ஊருக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தான். அவர் அசையவில்லை.

போகிறவர்களுக்கு: ஓசூரிலிருந்து பஸ் செலவு போக, வர முந்நூறு ரூபாய்க்குள் முடியும். காலையிலேயே கிளம்புங்கள், ஊத்தங்கரைக்குப் பிறகு வண்டி குறைவு. அட்டையில் எண் அழிந்திருந்தால் ரேஷன் கார்டோடு வேலை நாளில் ஆட்சியர் அலுவலகம் போங்கள், பதற வேண்டாம். நோயாளியோடு ஒரே ஒரு ஆள் போனால் போதும். அட்டையில் யார் முகம் இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், கை வைக்காதீர்கள்.

தை பிறந்து இரண்டாவது வாரம் அதே வழியில் மறுபடி போனேன், சின்னசாமியின் சாவுக்கு. முந்தின நாள் மாதுவும் கோவிந்தனும் தனித்தனியே கூப்பிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் நான் எடுத்த அந்தப் படத்தைக் கேட்டிருந்தார்கள். இருவருக்கும் அனுப்பியிருந்தேன். ஊர் முக்கில் எதிரெதிராக இரண்டு கண்ணீர் அஞ்சலி பேனர்கள். இரண்டிலும் தலைவர்கள் பெரிதாக, கீழே அதே சிரிப்போடு சின்னசாமி. கையிலிருந்த தாளை மட்டும் இரண்டிலும் வெட்டிவிட்டிருந்தார்கள்.