எந்த எஸ்டேட் என்று கேட்டுத் தொலைத்தேன்

ஈப்போ பக்கம் செமோரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் எனக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை. வீடு குனோங் ராபாட்டில். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாலையில் எத்தனையோ வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன் என்று பீற்றிக்கொண்டதும் உண்டு. போன வருஷம் அதே சாலையில் நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. மூச்சு பாதியில் நிற்கும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மாத்திரையாவது கொடுத்திருப்பார்கள்.

என் கணவர் அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். "வேலைய விட்டுடு லா. பிள்ளைங்க ரெண்டும் கேஎல் போயிட்டாங்க. யாருக்காக இப்படி ஓடுற? வீட்லயே இரு."

அவர் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். அன்பாகத்தான் சொன்னார். நெஞ்சு அடைக்கும் ஒவ்வொரு முறையும் அதே பேச்சு, அதே அன்பு. சீனப் பெருநாளுக்குள் சரியாகவில்லை என்றால் தானே வந்து என் மேனேஜரிடம் பேசப் போவதாகவும் சொல்லிவிட்டார். அந்த வேலை என் கையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் நான் இந்த வீடியோ கோச்சிங்கில் போய் மாட்டினேன்.

மனசு சரியில்லாத ஊழியர்கள் ஓர் ஆளோடு முகம் பார்த்துப் பேசக் கம்பெனி கொடுக்கும் வசதி அது. போனில் ஓர் ஆப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். திறந்ததும் வரிசையாக மஞ்சள் முகங்கள். இன்று நீங்கள் எந்த முகம் என்று கேட்டது. எரிச்சலான முகம் ஒன்றைத் தேடினேன், இல்லை. சரி போகட்டும் என்று அழுகிற முகத்தை அமுக்கினால், தண்ணீர் குடியுங்கள் என்றது. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. நல்லவேளையாக மொழிகளில் தமிழும் இருந்தது.

அடுத்த தொல்லை இடம். டெரஸ் வீட்டில் எங்கே போய்ப் பேசுவது? ஹாலில் அவர் இருப்பார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், ஏன் சாத்தினாய் என்று கேட்க வருவார். அதனால் வேலை முடிந்ததும் தொழிற்சாலை கார் பார்க்கிலேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு பேசுவது என்று முடிவு செய்தேன். போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தால் திரையில் என் மூக்குத் துவாரம்தான் பெரிதாகத் தெரிந்தது. லைன் விட்டு விட்டு வந்தது. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பேக்கிங் பகுதிப் பெண் ஒருத்தி கண்ணாடியைத் தட்டி, "ஏன்க்கா, டயர் பஞ்சரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கோச்சாக வந்தவள் முப்பதைத் தாண்டிய தமிழ்ப் பெண். தலைநகர் கேஎல்லில் இருந்து பேசினாள். வேலைக்குப் புதியவள் போலத்தான் தெரிந்தது.

"இந்த நிமிஷம் உடம்புல எங்கக்கா இறுக்கமா இருக்கு?"

"எல்லா எடத்துலயும்தான்."

"அதுக்கு ஒரு பேரு வைக்கணும்னா என்னா பேரு வைப்பீங்க?"

பேரா? பிள்ளையா பெற்றிருக்கிறேன், பேர் வைக்க? பேச்சு நகரவே இல்லை. நகராத பேச்சைத் தள்ளிவிட நம் ஆட்களுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். பேராக்கில் இரண்டு தமிழர்கள் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்டால்கூட அதைத்தான் கேட்போம். ரப்பர் எஸ்டேட்டெல்லாம் செம்பனைத் தோட்டமாகவும் தாமான் குடியிருப்பாகவும் மாறிப் போயாச்சு, கேள்வி மட்டும் மாறவில்லை.

"நீங்க எந்த ஊரும்மா? அப்பா அம்மா எந்த எஸ்டேட்?"

அவள் சிரித்து நழுவப் பார்த்தாள். நான் விட்டால்தானே. கடைசியில், "எங்கம்மா சிலிம் ரிவர் பக்கம்க்கா" என்று எஸ்டேட் பேரைச் சொன்னாள். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எந்த லயம்? அம்மா பேரு?" என்றும் கேட்டேன்.

என் கணவர் பிறந்து வளர்ந்த எஸ்டேட். அதே லயம், ஒரே வரிசை வீடுகள். பெரியவர்கள் பால்மரம் வெட்டப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் அவரும் இவளுடைய அம்மாவும் ஒன்றாகக் கிடந்து வளர்ந்தவர்கள். அந்த அம்மா அவருக்குப் பெரியப்பா மகள், அக்கா முறை. என் கல்யாணத்தில் எனக்குச் சடை பின்னிவிட்டதே அந்த அம்மாதான். இவளைக் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி. மனசைத் திறந்து பேச வந்த நான், பேச ஆரம்பிப்பதற்குள் அவளுக்கு அத்தையாகிவிட்டேன்.

உறவைச் சொன்னதும் அவள் முகமும் மாறியது. சொன்னாள்: "அக்கா, சங்கடமா இருந்தா வேற ஆளு மாத்தித் தரச் சொல்றேன். ஆனா நீங்க இங்க பேசுறது எங்கம்மா காதுக்குக்கூடப் போகாது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் கணவர் வீட்டு ஆட்களைப் பற்றி எனக்கா தெரியாது? நான் ஈப்போவில் சேலை எடுத்தால் அதன் நிறம் அன்று சாயங்காலமே சிலிம் ரிவருக்குத் தெரிந்துவிடும். "ஆள மாத்திடும்மா" என்று சொல்லி போனை வைத்தேன். என் வாய்மேல் எனக்கே அவ்வளவு ஆத்திரம்.

மாற்றிக் கொடுத்த ஆள் ஆங்கிலத்தில் பேசும் ஓர் இளைஞன். நான் எதைச் சொன்னாலும் 'கிரேட், கிரேட்' என்றான். நெஞ்சு அடைக்கிறது என்றதற்கும் கிரேட். அவனிடம் அதற்குமேல் நான் பேசவில்லை. அந்த வாரமே சாலையில் மறுபடியும் அடைத்தது. இந்தமுறை என் கணவரே ஆள் அனுப்பி வண்டியை எடுத்துவரும்படி ஆகிவிட்டது. "போதும் லா. நானே ஒங்க மேனேஜரப் பாக்குறேன்" என்றார்.

அவர் போய்ப் பார்ப்பதற்குள் சிலிம் ரிவரில் அவர் சொந்தத்தில் ஒரு பரிசம், கல்யாண நிச்சயம். டேவான் மண்டபத்தில் கால் வைத்ததும், சடை பின்னிவிட்ட அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பட்டுச் சேலையில் அவர் மகள், பாயசத் தட்டோடு. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இவதான் என் கடைசி மக. கம்பியூட்டர்ல ஆளுங்களுக்குப் புத்திமதி சொல்ற வேல," என்றார் அந்த அம்மா. "யார் யாரு வாராங்க, என்னா பேசுறாங்கன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றா. பெத்தவகிட்டயே சொல்ல மாட்டாளாம். என்னா வேலையோ!"

"நல்ல வேலதான்க்கா," என்று என் கணவர் சிரித்தார்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "வாங்க அத்தை. சாப்டீங்களா?" என்றாள். கண்ணில் ஒரு சலனம் இல்லை. முன்னே பின்னே பார்த்திராதவளைப் போல ஒரு குவளைப் பாயசத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன நெஞ்சழுத்தம், தெரிந்த மாதிரி ஒரு சிரிப்பாவது சிரிக்கக் கூடாதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது என் கணவர்தான் வண்டி ஓட்டினார். தாப்பா தாண்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த டேவான் முழுக்க இருந்த எங்கள் ஆட்களில், வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் நின்றுகொண்டு, பழைய கோச்சே வேண்டும் என்று ஆப்பில் கேட்டேன்.

மறுபடியும் கார் பார்க், மறுபடியும் ஏர்கோன். அவள் பரிசத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அத்தை என்றும் கூப்பிடவில்லை.

"சொல்லுங்கக்கா. அது எப்ப எப்ப வருது?"

"காலையில வேலைக்கு வாரப்ப ஒரு நாளும் வந்ததில்ல," என்றேன். இதை ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. "வீட்டுக்குத் திரும்புறப்ப மட்டுந்தான்."

அவள் திரைக்குக் கிட்டே வந்து, "வீட்ல?" என்றாள்.

"அவரு அடிக்கிறதில்ல, குடிக்கிறதில்ல. நல்ல மனுஷன்னு ஊரே சொல்லும். நான் கேட்டுக்குள்ள நொழையறதுக்குள்ள 'தேத்தண்ணி கலக்கு'ன்னு கொரல் வரும். அப்புறம் நாள் பூரா டிவியில பாத்தத எல்லாம் எனக்குச் சொல்லுவாரு. நீ என்னா பண்ணேன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே பிடிக்கல. காலையில இங்க வந்து சேந்தாத்தான் எனக்கு மூச்சே வருது. அதையும் விடச் சொல்றாரு."

சொல்லச் சொல்ல அழுகை பீறிக்கொண்டு வந்தது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்குத் துவாரம் தெரிந்தால் தெரியட்டும் என்று போனைப் பார்த்தே அழுதேன். அவள் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லவில்லை.

நேரம் முடிந்து திரை அணைந்தபோது கார் பார்க்கில் என் வண்டி மட்டும்தான் நின்றது. மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவையும் பேசி முடித்த பிறகும் நான் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.