மாப்பிள்ளை சாத்திய கூண்டு

பாப்பா பிறந்து அம்மாவும் நானும் மாமா வீட்டில் இருந்த சமயம். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், விவசாயக் காட்டில், மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் கம்பிக் கூண்டுகளில் மாமா முயல் வளர்த்தார். பெட்டை முயல் தன் வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை போட்டுக் குட்டி போட்டிருந்தது. ஆண் முயலை மாமா முன்பே வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டார்.

அப்பாவுக்குப் போர்வெல் லாரியில் வடக்கே வேலை. மழைக்காலத்தில் வேலை நின்றதும் நேரே மாமா வீட்டுக்கு வந்து, அம்மாவைக் கையோடு கூட்டிப் போகிறேன் என்றார். பிரசவத் தையல் இன்னும் ஆறவில்லை, மூன்றாம் மாதம் வரை இருக்கட்டும் என்று மாமா கேட்டுக்கொண்டார். அப்பா கறிச்சோறு தின்று கை கழுவிவிட்டுக் கூண்டுப் பக்கம் போனார்.

"ஏன் மச்சான், உங்க ஊட்ல முயலக்கூடப் புருசன் பொண்டாட்டியா இருக்க உடமாட்டீங்களா?"

சிரித்தபடியே ஆண் முயலைத் தூக்கிப் பெட்டையின் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

"குட்டி இருக்குதுங்க மாப்ள. மிதிச்சுப்போடும்."

"பெத்தவன் மிதிப்பானா? அவனும் கண்ணுல பாக்கட்டும்."

மாமாவின் கை கொக்கிவரை போனது. பிறகு அதே கையால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை சாத்திய கதவைப் பெண் கொடுத்தவர் திறப்பது எங்கள் பக்கத்தில் அவரைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாதான் ஜன்னல் வழியாக, "ஏனுங்க, அத வெளிய எடுத்து உடுங்க" என்றாள்.

"நீ உன் வேலயப் பாரு."

எனக்கு அப்பா பக்கமே நியாயமாகப் பட்டது. வருசத்தில் பாதி அப்பா இல்லாமல் வளர்ந்தவன் நான். முயல் குட்டிகளுக்காவது அப்பா கூட இருக்கட்டும். அப்பாவும் கூண்டோரமே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

விடிந்தபோது மெத்தை கலைந்து, குட்டிகள் கம்பியோடு நசுங்கிக் கிடந்தன. மூலையில் ஒடுங்கிய பெட்டைமேல் ஆண் முயல் திரும்பத் திரும்ப ஏறியது. இரண்டும் சண்டை போடுவதாக நினைத்தேன்.

"பெத்ததப் பாத்துக்கத் தெரியாத முயலு" என்றார் அப்பா.

மாமா வேலியோரம் குழி தோண்டினார். தையலைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. மத்தியானம் அம்மா பாப்பாவோடு கிளம்பியபோது, "போய்ட்டு வா சாமி" என்றார். அம்மா அவரைப் பார்க்காமல் வண்டியேறினாள்.

அடுத்த மாதம் மாமா எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். பெட்டை மறுபடியும் குட்டி போட்டிருந்தது.

"பாத்தீங்களா மச்சான், என்ன நட்டமாயிப்போச்சு?" என்று அப்பா சிரித்தார்.

நான் கொல்லைக்கு ஓடினேன். தொட்டியோரம் குனிந்து அம்மா வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தூளியில் பாப்பா அழுதது.

"அம்மா, முயலு மறுக்காவும் குட்டி போட்ருச்சாம்."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எவ்வளவு நல்ல செய்தியோடு ஓடி வந்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று எனக்குக் கோபமாக வந்தது.