வெட்டிப் போட்ட காசு

இ-சேவை மையம் நடத்துகிறவளுக்கு இரண்டு வேலை: மனுவை ஏற்றுவது ஒன்று, சர்வர் படுத்துவிட்டது என்று சொல்லித் திட்டு வாங்குவது இன்னொன்று. காரைக்குடியில் ஆறு வருடமாக இரண்டையும் செய்கிறேன். வரிசையில் நின்று நொந்துபோன உங்களுக்கு என் பாடு புரியும்.

வாழைத்தார்

கல்லல் பக்கத்து விவசாயி ஒருவர் பட்டாவை வாங்க வந்தபோது, ஒரு வாழைத்தாரைத் தூக்கிவந்து பிரிண்டர் பக்கத்தில் சாத்தினார். கையெழுத்துப் போட்டவருக்காம். கையெழுத்தே கம்ப்யூட்டரில்தான் விழுகிறது, கட்டணத்துக்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் வாங்காமக் குடுத்த பட்டா கோர்ட்டுல செல்லுமா தாயி?"

யார் நம்பர்?

பாண்டியம்மாள் அக்கா கட்டட வேலைக்குப் போகிறவர். அவர் மகள்தான் அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்தால் கட்டணம் குறையும். அக்கா என்னிடம் வந்ததற்கு மறுநாள்தான் அதைக் கல்லூரியில் கொடுக்கக் கடைசி நாள். மனுப் போட்டுக் கொடுத்த புரோக்கரோ, 'ஆபீசர் மேசையில கெடக்கு, கவனிச்சாத்தான் நகரும்' என்று இழுத்தடித்திருக்கிறான். கவனிக்க அக்காவிடம் ஏது? கசங்கிய ரசீதை என்னிடம் நீட்டினார்.

அதிலிருந்த எண்ணைத் தட்டினேன். சான்றிதழ் தயாராகிப் பத்து நாள் ஆகியிருந்தது. தகவல் போன செல்போன் எண் மட்டும் புரோக்கருடையது. உங்கள் நம்பரை அவன் கேட்கவில்லையா என்றேன்.

"எதுக்கு அலைச்சல், என் நம்பரே இருக்கட்டும்னான். பெத்த பிள்ளகூட அப்புடிச் சொல்லாதேன்னு நெனச்சேன்."

காளியிடம் போன மனு

சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அந்த ஆபீசர் ஒன்றுமே கேட்கவில்லையா என்று இரண்டு தடவை கேட்டார். கேட்கவில்லை என்று நானும் இரண்டு தடவை சொன்னேன்.

நம் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் காளி கோயிலில் காசை வெட்டிப் போட்டு, கெடுத்தவன் குடும்பத்தை ஆத்தா கேட்கட்டும் என்று முறையிடுவார்கள், தெரியுமல்லவா? அக்கா போன செவ்வாய்க்கிழமை போய், ஆபீசர் பெயரைச் சொல்லி வெட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"பிள்ளகுட்டிக்காரரா இருப்பாரே தாயி. வெட்டிப் போட்ட காசை வாபஸ் வாங்க இந்தக் கம்ப்யூட்டர்ல எதுவும் வழி இருக்கான்னு பாத்துச் சொல்றீகளா?"

மனுவெல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்ததில் லஞ்சம் எவ்வளவு குறைந்ததோ எனக்குத் தெரியாது, யாருக்குக் காசு வெட்ட வேண்டும் என்பதாவது இப்போது தெரிகிறது.