மாது மாமாவின் பயமும் ஒரு சாண் குழாயும்

எங்க மாமா மாது மாதிரி பயந்த ஆளை மாரண்டஹள்ளி சுற்றுவட்டாரத்தில் பார்க்க முடியாது. குக்கர் இரண்டாவது விசில் அடித்தால் வாசலுக்குப் போய்விடுவார். பக்கத்து வூட்டு நாய் கட்டிக் கிடந்தாலும் சுற்றுவழியில்தான் வருவார். அப்படிப்பட்டவர் தன் பழைய பெட்ரோல் காருக்குத் தானே டர்போ மாட்டினார் என்றால் யாரும் நம்புவதில்லை.

மாமா என் அக்கா பானுமதியின் கணவர். எட்டாவது வரை படித்தவர். தக்காளித் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவது தொழில். வேலை முடிந்ததும் மோட்டாரை முழுசாக ஓடவிட்டு, தொட்டியில் ஆரம்பித்துக் கடைசிச் செடி வரைக்கும் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிக்கொண்டே நடப்பார். தோட்டக்காரர் போதும் என்றாலும் விடமாட்டார். "சும்மா இருக்கறப்ப எல்லா ஜாயின்ட்டும் நல்ல ஜாயின்ட்தான் மாப்ள. பிரஷர் ஏறுனாத்தான் அது யாருன்னு தெரியும்" என்பார்.

ஓசூர் பழைய இரும்புக் கடையில், நொறுங்கிப்போன ஒரு டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போவைப் பார்த்தது முதல் அவருக்குத் தூக்கம் போனது. எஞ்சின் விடுகிற புகையாலேயே சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி அது. "வேணாம்னு வெளிய வுடற புகையே பம்ப் ஓட்டுது பாரு!" ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டி முடித்துவிட்டார்.

காற்று அவர் பொறுப்பு, பெட்ரோல் என் பொறுப்பு. காற்று அதிகமாகப் போனால் பெட்ரோலும் அதற்கேற்ப அதிகமாகப் போக வேண்டும். குறைந்தால் சூடேறி பிஸ்டனே உருகிவிடும். எப்போது எவ்வளவு என்பதை லேப்டாப்பில் எழுதி எஞ்சினுக்குச் சொல்ல வேண்டும். எங்க வூட்டில் முதல் பட்டதாரி நான், மெக்கானிக்கல். இந்த ஊரில் இதைச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. இப்போதும் கொஞ்சம் உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் குறைந்தது. மாமா வேலைக்குப் போயிருந்தார். அவர் பையில் கிடந்த கறுப்புச் சொட்டுநீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டிச் சொருகி, க்ளிப் போட்டு இறுக்கினேன். எவ்வளவு பிரஷர் வரும், எவ்வளவு தாங்கும் என்று கணக்கும் போட்டேன். தாங்கும் என்று வந்தது. மாமாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே, பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு நகரின் நேர் ரோட்டுக்குப் போனோம். அக்காவும் ஏறிக்கொண்டாள், காலடியில் ஒரு வாளி மணலோடு.

"நீ எதுக்குடி?" என்றார் மாமா.

"ரெண்டு பேரும் வெந்து போனா சேதி சொல்ல ஒரு ஆளு வேணாமுங்களா?"

முதல் ஓட்டம் மெதுவாக. எல்லாம் சரி. இரண்டாவதில் மூன்றாம் கியரில் மாமா காலை அழுத்தினார். டர்போ கூவியது. முதுகு சீட்டோடு ஒட்டியது. லேப்டாப்பில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டுகிற, பன்னிரண்டுக்குக் கீழே நிற்க வேண்டிய எண் பதிமூன்றைத் தாண்டியது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். எஞ்சினுக்குள் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். மாமா சட்டென்று காலை எடுத்தார். ஸ்டீயரிங்கில் அவர் கை ஈரம் பளபளத்தது.

"பயப்படாதீங்க மாமா, நான் பெட்ரோலைக் கூட்டி வுடறேன்."

கூட்டினேன். அடுத்த ஓட்டத்தில் எண் இன்னும் ஏறியது. மறுபடியும் கூட்டினேன்.

"மாப்ள, நீ நெறைய அனுப்பறே. அங்க கொறைவா போவுது. நடுவுல எங்கியோ வழியுது. லைனைப் பாத்துரலாம்."

"இது தக்காளித் தோட்டம் இல்ல மாமா. ஒரே ஒரு ஓட்டம்."

அவர் என்னைப் பார்த்தார். படித்தவன் சொல்கிறான் என்று மறுபடியும் காலை அழுத்தினார். எண் பதினான்கு. பின்னாலிருந்து அக்கா கத்தினாள்: "ஏங்க, பெட்ரோல் வாசம் அடிக்குதுங்க!"

அப்போதுதான் எனக்கு அந்த ஒரு சாண் ஞாபகம் வந்தது. அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டேனே ஒழிய, உள்ளே ஓடப்போவது தண்ணீர் இல்லை என்பதை நினைக்கவே இல்லை. மாமா ஓடுகிற வண்டியிலேயே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். வண்டி உருண்டு நின்றது.

"எறங்குங்க! பானு, ஓடு! தூரப் போ!"

நாங்கள் ஓடினோம். குக்கர் விசிலுக்கே ஓடுகிற மனுஷன் மணல் வாளியோடு பானெட் பக்கம் போனார். புகை வருகிறதா என்று பார்த்து நின்றார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கில் ஆரம்பித்து விரலால் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். நான் மெல்லத் திரும்பி வந்து குனிந்து பார்த்தேன். கறுப்புக் குழாய் வந்ததும் அவர் விரல் நின்றது.

வெயிலில் கிடந்த வாழைப்பழம் மாதிரி அது இளகி உப்பியிருந்தது. க்ளிப்பின் ஓரத்திலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு விரல் தள்ளி டர்போ, பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூட்டில்.

கிட்டே வந்த அக்கா பார்த்துவிட்டாள். "இது உங்க பைப்புதானே? புத்தி எங்கீங்க போச்சு?"

மாமா சொட்டுகிற இடத்தில் கைநிறைய மணலை அள்ளிப் போட்டார். என் பக்கம் பார்க்கவில்லை.

"நான்தான்க்கா போட்டேன்" என்றேன்.

"நீயா?" கேலி இல்லை அவள் குரலில். நிஜமாகவே நம்ப முடியாமல் கேட்டாள். "நீ படிச்சவனாச்சேடா."

மாமா ரோட்டோரம் உட்கார்ந்தார். பாட்டில் தண்ணீரில் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு குடித்தார். "கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருப்பான். தண்ணிக்கிப் போட்டிருக்கான்" என்றார்.

சாவியைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. ஊர் வரைக்கும் தள்ளினோம். எதிரே மொபெட்டில் வந்த ஊர்க்காரர் முருகன் வண்டியை நிறுத்தி, "என்ன மாது, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்றார்.

"இல்லைங்க. நெறைய இருக்குது" என்றார் மாமா.

நான் நிமிராமல் தள்ளினேன். அக்கா பின்னால் வந்தாள். அந்த மணல் வாளியை வூடு வந்து சேருகிற வரைக்கும் அவள் கீழே வைக்கவே இல்லை.