ஏழரை அவருடைய பெயர் அல்ல

"கேட்டீங்களாய்யா, நம்ம தோட்டத்துக்கு ஏழரை விட்டுருச்சு."

ஹட்டன் பஸ் நிலையத்தில் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் சிரித்துக்கொண்டே இப்படித்தான் எனக்குச் செய்தி சொன்னார். சனியன் விலகியதாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். "டிரைவர் ஏழரைங்க. நேத்து காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. அவ்வளவுதான்" என்றார். நான் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். இறந்தவருக்கு மாரிமுத்து என்று ஒரு பெயர் இருந்தது. அவரைத் தெரிந்தவர்களே அதை மறந்துவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தத் தோட்டத்துக்கு ஸ்டோர் கிளாக்கராகப் போனபோது மாரிமுத்து லொறி டிரைவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்களை விரலால் தடவியே சொல்லிவிடுவார். "மொத நம்பரு டயரோட பருமன், ரெண்டாவது நம்பரு உள்ள இருக்குற ரிம்மோட அளவு. ரிம்மு மாறுனா டயர் ஏறவே ஏறாது, அதனால அதுல யாரும் ஏமாற மாட்டாங்க. பருமன் மாறுனா ஏறிக்கும். அதுலதான்யா ஆபத்து" என்பார். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா தம் காருக்குப் பருமனான டயர் போட ஆசைப்பட்டபோது, "பாக்க ஜோரா இருக்குங்கய்யா. நேராவே போறதுன்னா போடலாம். வளைவுல மட்கார்டுல உரசும்" என்றார். வளைவு இல்லாத சாலை எங்கள் பக்கத்தில் ஏது? கண்டாக்கையா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பழைய அளவையே போட்டுக்கொண்டார்.

எங்கள் லொறிக்கு வேண்டியது 7.50-20 அளவு டயர். ஏழரை இருபது. அந்தச் சொல்லைத்தான் ஆபீசில் யாரும் வாயால் சொல்லக் கூடாது. பெரிய கிளாக்கருக்கு அப்போது ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. காலையில் எவராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வருவார். அதனால் டிரைவர்கள் 7.50ஐப் 'பெரிய ஏழு' என்றும், 7.00ஐச் 'சின்ன ஏழு' என்றும் சொல்லிப் பழகியிருந்தார்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷ் படித்த கிளாக்கருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு மழைநாளில் மாரிமுத்து ஸ்டோர் ஜன்னலில் வந்து, "பெரிய ஏழு ஒண்ணு வேணுங்கய்யா. பின்னால சோடிச் சக்கரத்துல ஒண்ணு போயிருச்சு" என்றார். பெரிய கிளாக்கர் என் பக்கத்து மேசையில்தான் இருந்தார். 'பெரிய' என்றால் காருக்கல்ல, லொறிக்கு என்று எடுத்துக்கொண்டு, 7.00-20 என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். லொறி நின்ற கொட்டகை ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. போய்ப் பழைய டயரை ஒருமுறை பார்த்திருக்கலாம். நனைய வேண்டுமே என்று போகவில்லை.

டயர் வந்தது. மாரிமுத்து தடவிப் பார்த்துவிட்டு மாட்ட மாட்டேன் என்றார். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு நேரம் அது. தோட்டத் துரை அங்கேயே வந்துவிட்டார். ரிம்மில் ஏறுகிறதா என்று கேட்டார். ஏறும் என்றார் மாரிமுத்து. "அப்போ போடு."

"சோடியில ஒண்ணு உசரம், ஒண்ணு குட்டைங்க தொரை. குட்டை சும்மா தொங்கிக்கிட்டு வரும். உசந்தது பாரம் பூரா தாங்கி, சூடேறி வெடிக்கும். இந்த லொறியிலதான் புள்ளத்தாச்சிப் பொம்பளைங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். போட மாட்டேனுங்க."

பெரட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் துரையிடம் அப்படிச் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. "ஆர் கேட்டது இந்த டயர்?"

கொழும்புக்கு நான் எழுதியதன் நகல், என் கையெழுத்துள்ள தாள், பெரிய கிளாக்கரின் கையில் இருந்தது. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. என் மனைவிக்கு ஏழாம் மாதம். மாரிமுத்து என்னைப் பார்த்தார். பிறகு துரையிடம், "நான்தானுங்க தப்பா சொல்லிட்டேன்" என்றார். பெரிய கிளாக்கர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எல்லாம் தெரிந்த அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்றுப் போனபோது அவருக்கு மாலை போட்டு ஊர்வலம் வைத்தார்கள். நான் போகவில்லை. அந்த வெறுப்பை இத்தனை வருடம் பத்திரமாக வளர்த்தேன். என்னை நானே பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

டயர் திரும்பிப் போய்ச் சரியானது வந்தது. லொறியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மாரிமுத்துவைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களோடு மலைக்கு அனுப்பினார்கள். ஏழரை இருபதில் லொறியைத் தொலைத்தவர் என்று 'ஏழரை' என்ற பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது. தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், "வேலை நிரந்தரமானதும் தொரைகிட்ட உண்மையைச் சொல்லிடுறேன்" என்றேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"லொறி போனா எனக்குக் கத்தி இருக்குங்கய்யா. பேனா போனா உங்களுக்கு என்ன இருக்கு?"

இரண்டு மாதத்தில் என் மனைவி அதே லொறியில், சரியான டயரில், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெண் குழந்தையோடு திரும்பினாள். எனக்கு வேலையும் நிரந்தரமாயிற்று. நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் என்றேன், அடுத்த துரை வரட்டும் என்றேன். துரைமார் மூன்று பேர் மாறினார்கள். மாரிமுத்துவை மறுபடி யாரும் லொறியில் ஏற்றவில்லை. அவரும் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அவர் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்தபோது அந்தக் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இந்த ரிம்முக்கு நம்ம சைசு சேராதாம், திருப்பிட்டாங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நீங்க எழுதுன கடுதாசி இல்லையேய்யா, ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீங்க?" என்றார். மலையில் பேசியதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் என்னிடம் குறிப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

கருமாதியன்று தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் எழுந்து பேசினார். நல்ல மனிதர், உழைப்பாளி என்றெல்லாம் சொல்லிவிட்டு, "டயர் நம்பரை மாத்திச் சொல்லி லொறியைத் தொலைச்ச கதை உங்களுக்கெல்லாம் தெரியுமே" என்றார். கூட்டம் அன்போடுதான் சிரித்தது. மாரிமுத்துவின் மனைவி மட்டும் தலையைத் தூக்கி, கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

டயர் எண்ணை மாற்றிச் சொன்னவர் மாரிமுத்து அல்ல. மாற்றி எழுதியவன் நான். அவர் தம் வாழ்நாளில் எந்த டயரையும் தவறாகச் சொன்னதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான். அதை அவர் எனக்காகச் சுமந்தார். இனி யாரும் அவரை அப்படிச் சொல்ல வேண்டாம், மாரிமுத்து என்று சொல்லுங்கள். பழக்கத்தில் அந்தச் சொல் வாயில் வந்துவிட்டால் ஸ்டோர் பக்கம் வந்து உரக்கக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.